பக்கத்திலிருந்து பார்த்தால்



ஒரு சின்ன வேலையோடு தொடங்குவோம். எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப் பற்களை மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். உதட்டை இறுக்க வேண்டாம். அது தன் போக்கில் இருக்கட்டும். இப்போது ஆட்காட்டி விரலை மூக்கு நுனியிலும் மோவாயிலும் படும்படி நேராக வையுங்கள். சிலருக்கு உதடு விரலில் படாது. சிலருக்கு லேசாகப் படும். சிலருக்கு உதடு விரலைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மூன்று தரப்பாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாருங்கள்.

நம் முகத்தை நாம் பக்கவாட்டில் பார்ப்பதே அபூர்வம். கண்ணாடி நேர்முகத்தைக் காட்டுகிறது; செல்ஃபியும் அப்படித்தான். கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்தில்தான் பலர் தங்கள் பக்கமுகத்தை முதன்முதலாக ஊன்றிப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு கிளிப் போட வருகிறவர்களும் உண்டு. ஆனால் ஊரார் நம்மைப் பார்ப்பது பாதி நேரம் பக்கவாட்டில்தான்.

வளர்ந்தவர்களின் இந்தப் பக்கமுகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வாய்க்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிற விதம், வெளியே தெரியும் உதட்டையும் மோவாயையும் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? ஓரளவுதான் என்பது என் பதில். பல்லுக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவில் சதை இருக்கிறது. அது சில இடங்களில் உள்ளே இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும், சில இடங்களில் மூடி மறைத்துவிடும். பல்லை மட்டும் பார்த்து முகத்துக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல் பொருத்தத்தை வகைப்படுத்தித் தந்தவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர், ஆண்டு 1899. அவர் எடுத்துக்கொண்ட அடையாளம் முதல் கடைவாய்ப்பல். மேல் பல்லின் முன்பக்க வெளிமுகடு, கீழ்ப் பல்லின் வெளிப்பக்கப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் கடைவாய் உறவு சரி. அப்படியும் மற்ற பற்கள் வரிசை தப்பியிருந்தால் அது முதல் வகைக் கோளாறு. கீழ்ப்பல் அந்த இடத்துக்குப் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகை. முந்தியிருந்தால் மூன்றாம் வகை. இரண்டாம் வகைக்குள் இரண்டு பிரிவுகள் உண்டு: மேல் முன்பற்கள் வெளியே துருத்தியிருப்பது ஒன்று, உள்பக்கம் சாய்ந்திருப்பது இன்னொன்று. நூற்றிருபது ஆண்டுகள் தாண்டியும் பல் மருத்துவ மாணவர் இதைத்தான் முதலில் படிக்கிறார். ஒரு கடைவாய்ப்பல்லை வைத்து ஒரு முழு வாயை வகைப்படுத்துவது துணிச்சலான காரியம். எளிமையாக இருப்பதால்தான் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆங்கிளின் சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. எல்லாப் பற்களும் இருந்து, அவை சரியாகப் பொருந்திவிட்டால் முகமும் தானாக அழகாக அமையும் என்று அவர் உறுதியாக நம்பினார். எந்தப் பல்லையும் பிடுங்குவதற்கு அவர் உடன்படவில்லை. அழகுக்கு அவர் எடுத்துக்காட்டியது வத்திக்கானில் இருக்கும் அப்போலோ பெல்வெடேரே என்ற பளிங்குச் சிலையின் தலை. அவருடைய பள்ளியில் கலை பற்றிப் பாடம் நடத்த எட்மண்ட் வூர்ப்பல் என்ற ஓவியரை அழைத்திருந்தார். முகப் பொருத்தத்துக்கு ஒரு சூத்திரம் கிடைக்குமா என்று ஆங்கிள் தேட, எல்லா முகத்துக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது என்று ஓவியர் சொல்லிவிட்டார். மருத்துவர் அளவுகோல் கேட்க, ஓவியர் ஆளைப் பார் என்கிறார். அன்று ஓவியர் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம். பளிங்குக்குச் சதைத் தடிமன் கிடையாது.

ஆங்கிளின் மாணவர் சார்லஸ் ட்வீட். குருவின் சொல்படி பல் பிடுங்காமலேயே பல ஆண்டுகள் வைத்தியம் செய்தார். பல் வரிசை அழகாக வந்தது. பலருடைய வாயோ முன்னே தள்ளிக்கொண்டு நின்றது, பற்களும் நிலைக்காமல் மறுபடி கலைந்தன. ட்வீட் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, காசு வாங்காமல் மறுபடி சிகிச்சை செய்தார். 1940இல் நூறு பேரின் முன்னைய முடிவையும் பின்னைய முடிவையும் சக மருத்துவர்கள் முன் வைத்தார். அதற்குப் பிறகு ஊசல் மறுபக்கம் போனது. தேவையோ இல்லையோ நான்கு பல் எடுப்பது வழக்கமாகி, வாய்ப்பகுதி உள்வாங்கி, மூக்கும் மோவாயும் மட்டும் துருத்தித் தெரியும் முகங்கள் உருவாயின. குருவும் பிழை செய்தார், சீடர்களும் பிழை செய்தார்கள். இரு தரப்புமே பல்லையும் எலும்பையும் அளந்த அளவுக்குச் சதையை அளக்கவில்லை.

அளப்பதற்கான கருவி 1931இல் வந்தது. அமெரிக்காவில் ஹாலி பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் இருவரும் அதே ஆண்டில், தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று நீங்கள் கிளிப் போடப் போனால் எடுக்கும் ‘செபலோகிராம்’ அதுதான். எலும்பின் கோணங்களை அளப்பதிலேயே இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் போயின. சார்லஸ் பர்ஸ்டோன் 1958இல் வெளியிட்ட கட்டுரைதான் எலும்பின் மேல் போர்த்திய தோலும் தசையும் தனியாக அளக்கப்பட வேண்டியவை என்று அழுத்திச் சொன்னது. சதையின் தடிமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எலும்பைப் பார்த்து மட்டும் முகத்தைக் கணிக்க முடியாது என்பது அவர் வாதம். சற்று முன் நீங்கள் விரலால் வைத்துப் பார்த்தது ராபர்ட் ரிக்கெட்ஸ் அதே காலகட்டத்தில் வகுத்த கோடு. வளர்ந்த வெள்ளையரில் கீழுதடு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் என்பது அவர் கணக்கு.

இனி வகை வகையாகப் போவோம். முகத்தில் அதிகம் எழுதிவைப்பது இரண்டாம் வகையின் முதல் பிரிவுதான். நம்மூரில் எத்துப்பல் என்போமே, அது. பெரும்பாலும் இதில் மேல்தாடை பெரிதாக இருப்பதில்லை, கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கும். நெற்றி, மூக்கடி, மோவாய் மூன்றையும் இணைத்தால் வரும் வளைவு குவிந்து நிற்கும். மேலுதட்டால் பல்லை மூட முடியாமல் உதடுகள் பிரிந்தே இருக்கும். கீழுதடு போய் மேல் முன்பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட உதடு ஒவ்வொரு விழுங்கலிலும் அந்தப் பற்களை இன்னும் வெளியே தள்ளும். வெளியே அது மடங்கிப் புரண்டு தெரியும். அதற்கும் மோவாய்க்கும் இடையில் ஆழமான பள்ளம் விழும். வாயை மூடச் சொன்னால் மோவாய்த் தசை கீழுதட்டை வலிந்து மேலே தூக்கும். அப்போது மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகச் சுருங்கும். இதைப் பார்க்க எக்ஸ்ரே தேவையில்லை. புகைப்படத்துக்காக உதட்டை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்ட பலர் பத்து வயதிலிருந்தே அந்தத் தசையை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் பல் மருத்துவரிடம் படம் எடுக்கும்போது உதட்டை இறுக்கிக்கொள்ளாதீர்கள். இறுக்கிய உதட்டோடு எடுத்த படம் பொய் சொல்லும். பின்தங்கிய மோவாயை அது பாதி மறைத்துவிடும். தலையையும் நிமிர்த்தவோ குனியவோ வேண்டாம்; எதிரே கண்ணாடியில் உங்கள் கண்ணையே நீங்கள் பார்ப்பது போல நில்லுங்கள். மோவாயைக் கொஞ்சம் உயர்த்தினாலே கீழ்த்தாடை வளர்ந்துவிட்டது போலத் தெரியும். வாழ்க்கையில் பலர் இந்தத் தந்திரத்தைத் தெரியாமலேயே செய்கிறார்கள்.

இரண்டாம் பிரிவுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். மேல் முன்பற்கள் உள்ளே சாய்ந்திருக்கும், கீழ்ப்பற்களை முழுக்க மூடியிருக்கும். கடைவாய் உறவில் முதல் பிரிவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முகமோ முற்றிலும் வேறு. கீழ்முகம் குட்டையாக, மோவாய் எடுப்பாக, உதடுகள் மூடி, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான கோணம் விரிந்து, பக்கமுகம் பார்க்க நன்றாகவே இருக்கும். உதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம் மட்டும் கொஞ்சம் அதிகம். பல்வலிக்காக வந்த இடத்தில் மருத்துவர் சொல்லும் வரை தனக்குக் கடிப்பில் கோளாறு இருப்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. ஆங்கிளின் புத்தகத்தில் ஒரே தலைப்பின் கீழ் வரும் இரண்டு பிரிவுகள், பக்கமுகத்தில் இரண்டு வேறு மனிதர்கள்.

மூன்றாம் வகைக்கு வரலாற்றில் ஒரு குடும்பமே சாட்சி. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மன்னர் பரம்பரை. நான்காம் பிலிப் என்ற ஸ்பானிய அரசரை வெலாஸ்கெஸ் வரைந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நீண்ட கீழ்த்தாடை மறக்காது. 2019இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தப் பரம்பரையின் 15 பேருடைய 66 ஓவியங்களைத் தாடை அறுவை மருத்துவர்கள் பத்துப் பேரிடம் கொடுத்து நோயறியச் சொன்னார்கள். எலும்பு இல்லை, பல் இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஓவியர் தீட்டிய சதை மட்டும். கீழ்த்தாடை நீட்சிக்கு 11 அறிகுறிகள், மேல்தாடை வளர்ச்சிக் குறைவுக்கு 7 அறிகுறிகள் என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்கள். நெருங்கிய உறவுக்குள் நடந்த திருமணங்களுக்கும் கீழ்த்தாடை நீட்சிக்கும் தொடர்பு தெரிந்தது. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இன்னொரு முடிவு. ஹாப்ஸ்பர்க் தாடை என்று உலகம் கீழ்த்தாடையையே பேசிக்கொண்டிருக்க, அந்த முகங்களில் மேல்தாடையும் பின்தங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன. மூக்கு நுனி கீழே தொங்குவது மேல்தாடைக் குறைவின் அடையாளம். மூன்றாம் வகை முகத்தில் நம் கண் மோவாயில் போய் நிற்கும்; பிரச்சினை பல நேரம் கன்னத்திலும் மூக்கடியிலும் இருக்கும்.

இந்த வகையில் உடல் தன்னால் முடிந்த அளவு மறைக்கப் பார்க்கும். கீழ் முன்பற்கள் உள்ளே சாயும், மேல் முன்பற்கள் வெளியே சாயும். இரண்டு தாடைகளுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்கள் பங்குபோட்டுக்கொள்ளும். சதையும் தன் பங்குக்கு உழைக்கிறது. துருக்கிய ஆய்வாளர்கள் வளர்ந்தவர்களின் பக்கவாட்டு எக்ஸ்ரேக்களில் சதையின் தடிமனை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நெற்றியிலோ மோவாய் அடியிலோ பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் உதட்டில்தான். மேலுதடு மூன்றாம் வகையினருக்கு அதிகத் தடிமனாக இருந்தது. கீழுதடு நேர்மாறு: இரண்டாம் வகையினருக்கு அதிகம், மூன்றாம் வகையினருக்குக் குறைவு. ஆண், பெண் இரு பாலாரிடமும் இதே போக்கு. எந்தப் பக்கம் எலும்பு பின்தங்கியதோ, அந்தப் பக்கத்து உதடு தடித்திருக்கிறது. எலும்பின் குறையைச் சதை நிரப்புகிறது என்று இதை நான் வாசிக்கிறேன். முன்னே தள்ளும் பல்லால் இழுபடும் உதடு மெலிகிறது, இடம் கிடைத்த உதடு தளர்ந்து தடிக்கிறது என்றும் வாசிக்கலாம். எப்படி வாசித்தாலும், எலும்பில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் தோலில் 5 மில்லிமீட்டர் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

பல் மருத்துவத்துக்கு வெளியிலும் இந்தத் தடிமன் கணக்குக்குப் பயன் உண்டு. 1895இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறியலாளர் பிணங்களின் முகத்தில் சதையின் ஆழத்தை ஊசியால் அளந்து, லைப்சிக்கில் தோண்டியெடுத்த ஒரு மண்டையோடு இசைமேதை பாக் உடையதுதானா என்று அறிய, சிற்பி ஒருவரைக் கொண்டு அதன்மேல் முகத்தை வடிக்கச் செய்தார். நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து கணினியில் முகம் கொடுத்ததை 2025இல் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். இப்படி முகம் அமைப்பவருக்கு உதடுதான் தலைவலி. மண்டையோட்டின் பல் வரிசை எந்த வகை என்று பார்க்காமல் சராசரித் தடிமனை ஒட்டினால் வேறொருவர் வந்து நிற்பார்.

முதல் வகையைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. கடைவாய் உறவு சரியாக இருப்பதால் முகமும் நேராக இருக்கும் என்று நினைப்போம். தென்னிந்தியாவில் கிளிப் போட வரும் வளர்ந்தவர்களில் கணிசமானவர்களுக்குக் கடைவாய்ப் பல் ஆங்கிள் சொன்ன இடத்திலேயே இருக்கும். மேல், கீழ் முன்பற்கள் இரண்டுமே சேர்ந்து முன்னே சாய்ந்திருக்கும், இரண்டு உதடுகளும் நிரம்பி வெளியே நிற்கும். பல்லில் குறை சொல்ல முடியாது. முகம்தான் அவர்களை அழைத்து வருகிறது. ரிக்கெட்ஸ் கோட்டை வைத்தால் உதடு கோட்டைத் தொடும், அல்லது தாண்டும். இது நோயா? எந்த அளவுகோலை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1980இல் லெகன், பர்ஸ்டோன் இருவரும் தந்த அட்டவணையில் முகக் குவிவுக் கோணம் 12 பாகை, மூக்கு-உதட்டுக் கோணம் 102 பாகை. இரண்டுமே அமெரிக்க வெள்ளையரை அளந்து வந்தவை. நம் கல்லூரிகளிலும் இந்த எண்களைத்தான் மனப்பாடம் செய்கிறோம். இந்தியர்களுக்கான அளவுகளை நம் ஆய்வாளர்கள் பல ஊர்களில் எடுத்திருக்கிறார்கள். உதடுகள் சற்று நிரம்பியிருப்பது நமக்கு இயல்பு என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவிலேயே 1970இல் ஷெல்டன் பெக், ஹார்வி பெக் என்ற இருவர் அழகிப் போட்டி வென்றவர்கள், விளம்பர அழகிகள் ஆகியோரின் பக்கமுகத்தை அளந்து பார்த்து, பொதுமக்கள் ரசிக்கும் முகம் மருத்துவர்களின் அட்டவணையைவிட உதடு நிரம்பியது என்று எழுதினார்கள். அட்டவணை சொந்த ஊரிலேயே செல்லவில்லை.

இதில் ஒரு பழைய அழுக்கும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பீட்டர் காம்பர் என்ற டச்சுக்காரர் பக்கமுகத்தின் சாய்வை ஒரு கோணமாக அளந்தார். குரங்கு, ஆப்பிரிக்கர், ஐரோப்பியர் என்று கோணம் ஏறிக்கொண்டே போய், உச்சியில் 100 பாகையோடு கிரேக்கச் சிலை நின்றது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கோணத்தை மனிதர்களைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். முன்தள்ளிய வாய் தாழ்ந்தது, நேரான முகம் உயர்ந்தது என்ற எண்ணம் அங்கிருந்து வெகுதூரம் வந்திருக்கிறது. அப்போலோ சிலை ஆங்கிளின் புத்தகத்துக்கு வந்ததும் அதே பாதையில்தான் என்று நினைக்கிறேன். நம் வீட்டில் பெண் பார்க்கும் படலத்தில் பேசப்படும் பேச்சிலும் அதன் வாடை இல்லாமல் இல்லை.

வைத்தியத்துக்கு வருகிறேன். பதினோரு, பன்னிரண்டு வயதில் தாடை வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சியைக் கொஞ்சம் திருப்பிவிடலாம். வளர்ந்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. மீதி இரண்டுதான்: பல்லை நகர்த்தி எலும்பின் குறையை மறைப்பது, அல்லது எலும்பையே அறுத்து நகர்த்துவது.

மறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. எத்துப்பல்லுக்கு மேல் முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு முன்பற்களை உள்ளே இழுத்தால், மேலுதடு பல் நகர்ந்த தூரம் முழுவதும் பின்னால் வராது. பொதுவாகப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரும். மெல்லிய உதடு கூடுதலாக வரும், தடித்த உதடு அசையாமலேயே இருந்துவிடும். அதோடு, அந்த முகத்தின் கோளாறு பின்தங்கிய மோவாய் என்றால், சரியாக இருந்த மேலுதட்டை உள்ளே தள்ளிப் பின்தங்கிய மோவாயோடு ஜோடி சேர்க்கிறோம். பல் பொருந்திவிடும். மூக்கு பெரிதாகிவிட்டது போல இருக்கிறது என்று நோயாளி சொல்வார். மூக்கு வளரவில்லை, அதன் துணை போய்விட்டது.

வயதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ரோல்ஃப் பெஹ்ரென்ட்ஸ், பிராட்பென்ட்டின் ஆய்வில் சிறுவயதில் படமெடுக்கப்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்து மறுபடி அழைத்துப் படமெடுத்து 1985இல் முடிவுகளை வெளியிட்டார். வளர்ந்தபின் முகம் மாறுவதில்லை என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. மூக்கு நீண்டுகொண்டே போகிறது. உதடு மெலிந்து உள்வாங்குகிறது. 22 வயதில் கொஞ்சம் நிரம்பிய உதட்டைத் தட்டையாக்கிக்கொண்டவருக்கு 55இல் கொடுக்க உதடு மிச்சம் இருக்காது. இளம் வயதில் சற்று அதிகம் என்று தோன்றும் உதடு பிற்காலத்துக்கான சேமிப்பு என்றே நான் கருதுகிறேன். என் சக மருத்துவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அறுவைக்கு நம் ஊரில் அநாவசியப் பயமும் உண்டு, இப்போது அநாவசிய ஆசையும் சேர்ந்திருக்கிறது. வாய்க்கு உள்பக்கமாகக் கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை ஆஸ்திரியாவின் ட்ரௌனரும் ஒப்வெகேசரும் 1957இல் ஆங்கில மருத்துவ உலகுக்கு எழுதிக்காட்டினார்கள். வெளியே தழும்பு இல்லை. மோவாய் எலும்பு எவ்வளவு நகர்கிறதோ ஏறத்தாழ அதே அளவு மோவாய்ச் சதையும் நகரும்; அந்த இடத்தில் சதை எலும்பின் சொல்லைக் கேட்கும். மேலுதட்டில் அப்படிக் கேட்காது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகைக்காரர் அறுவைக்குப் போகுமுன், இத்தனை காலம் மறைத்துக்கொண்டிருந்த பற்களைக் கிளிப் போட்டு அவற்றின் உண்மையான இடத்துக்குக் கொண்டுவருவோம். உள்ளே சாய்ந்த கீழ்ப்பற்கள் நிமிரும். அதனால் பல மாதங்கள் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும். இதைச் சொல்லாமல் தொடங்கும் மருத்துவர் நோயாளியைப் பாதி வழியில் இழந்துவிடுவார்.

இன்று கைபேசியிலேயே மோவாயை இழுத்தும் மூக்கைச் சுருக்கியும் பார்க்கலாம். அந்தப் படத்தை நீட்டி, இப்படி ஆக்கித்தாருங்கள் என்று கேட்கிறார்கள். செயலிக்கு உதட்டின் தடிமன் தெரியாது, பல்லின் வேர் எந்த எலும்புக்குள் நிற்கிறது என்றும் தெரியாது.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் பிள்ளைகளில் யாராவது, வளர்ந்த வயதில் கிளிப் போடப் போகிறீர்கள் என்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதட்டைத் தளர்த்தி வைத்துப் பக்கவாட்டுப் படம் எடுத்தீர்களா? பல் எடுத்தால் என் உதடு எவ்வளவு பின்னால் போகும், மோவாய் அப்படியேதானே இருக்கும்? நீங்கள் ஒப்பிடும் அளவு யாருடைய முகத்திலிருந்து எடுத்தது? பதில் சொல்ல நேரமில்லை என்று சொல்பவரிடம் நான்கு நல்ல பற்களைக் கொடுக்காதீர்கள். இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.